படத்தில் நுழைந்த நாய்

தென்காசியில் குடியிருப்பவன் மலையைப் பார்க்காமல் இருக்க வேண்டுமானால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். போட்டோ மந்திரமூர்த்தி அதற்கு வேறு வழி வைத்திருந்தார். காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

அவருக்கு மலையோடு பகை ஒன்றும் இல்லை. அங்கே ரத்தம் குடிக்கும் அட்டையோடுதான். கல்யாணமான புதிதில் ஒரு ஆடி மாதம், மனைவி சங்கரம்மாளின் அச்சன்புதூர்ச் சொந்தக்காரர்களோடு செண்பகாதேவிக்குக் கிளம்பினார். பாதி வழியில் வேட்டி மடிப்புக்குள் ஏதோ குளிர்ச்சியாக நகர்ந்தது. அவ்வளவுதான், கோயிலைப் பார்க்காமலே இறங்கிவிட்டார். மற்றவர்கள் சாமி கும்பிட்டுத் திரும்பியபோது, மேலே நல்ல காட்சி இருந்திருக்கும், இன்றைக்கு வெளிச்சம்தான் போதாது என்று சொன்னாராம். அன்று அவர் கையில் காமிராவே இல்லை என்பதைச் சங்கரம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. மறக்கவும் இல்லை.

மந்திரமூர்த்தி முதலில் நாடகக் கம்பெனியில் சீன் எழுதுகிறவராக இருந்தார். அரண்மனை, தர்பார், நந்தவனம், காடு எல்லாம் அவர் கையில் தண்ணீர்பட்ட பாடு. தென்காசியில் ஆடிக்கொண்டிருந்தபோது ஆடிக் காற்று கொட்டகைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. கம்பெனி முதலாளி அடுத்த ரயிலில் போனார். தூரிகைகளோடு மந்திரமூர்த்தி மட்டும் மிஞ்சினார். கொழும்புக்குக் கப்பலேறிய தூத்துக்குடி போட்டோக்காரர் ஒருவரின் பழைய காமிரா கைக்கு வந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. படம் பதியும் கண்ணாடித் தகடுகளைக் கெடுத்துக் கெடுத்தே தொழிலைப் பிடித்தார். ரத வீதியில் ஒரு வீடு பார்த்து, கூரையின் ஒரு பக்கம் வெளிச்சத்துக்குக் கண்ணாடி பதித்து, படம் எடுக்க வருகிறவர்களுக்குப் பின்னால் தன் கையாலேயே படுதாக்கள் எழுதித் தொங்கவிட்டார்.

படம் எடுப்பது அவர். அதை மனுஷ முகமாக ஆக்குவது சங்கரம்மாள். தகடு காய்ந்ததும் சன்னலோரம் சாய்த்து வைத்துக்கொண்டு, ஊசிபோலச் சீவிய பென்சிலால் அம்மை வடுக்களை நிரப்புவாள். நெற்றிச் சுருக்கத்தை எடுப்பாள். வழுக்கைக்கு ஓரளவு நியாயம் செய்வாள். மூக்கை மட்டும் தொடமாட்டாள். மூக்கை மாற்றினால் சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்த இருவர் பிழைப்பும் நடந்தது கல்யாணப் படங்களால். பெண்ணின் படத்தைப் பையன் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் அந்த வட்டாரத்தில் அப்போதுதான் பரவி வந்தது. "மூர்த்தி எடுத்த படமா? அப்படின்னா சரி" என்று ராயகிரியிலும் வடகரையிலும் பெரியவர்கள் சொன்னார்கள். அந்தச் சொல்தான் அவருடைய சோறு.

இப்படி இருக்கையில் ஒரு சாரல் காலம். வாடிக்கைக்காரர்கள் யாரும் வரவில்லை. புதிதாக வந்த தகடுகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க, எதிரே தொங்கிய மலைப் படுதாவையே படம் எடுத்தார். இரண்டு பாறைகளுக்கு நடுவே இரட்டை அருவி, பக்கத்தில் சாய்ந்த மரம் ஒன்று. முன்னால் இரண்டு கல்லையும் ஒரு தொட்டிச் செடியையும் வைத்தார். சங்கரம்மாள் பழக்கதோஷத்தில் படுதாவின் மடிப்புக்கோட்டையும் பென்சிலால் நிரப்பிவிட்டாள். அச்சுப்போட்டுப் பார்த்தால் மலை மலையாகவே இருந்தது.

சீசனில் குற்றாலம் கடைத்தெருவில் அவர் சின்னதாகக் கடை போடுவார். அருவியில் குளித்துவிட்டு வந்த ஒருவர் அந்தப் படத்தைக் கண்டு, இது எந்த இடம் என்று கேட்டார். மந்திரமூர்த்தி விரலைத் தூக்கி, "மேலே" என்றார்.

அந்த ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கலாம். படம் விற்றது. இன்னும் பத்துப் பேர் கேட்டார்கள். அடுத்த சீசனுக்கு, 'மலைக் காட்சிகள் – நேரில் சென்று எடுக்கப்பட்டவை' என்று பலகையே எழுதிவிட்டார். எழுத்து ரொம்ப நேர்த்தியாக இருந்தது. அதே படுதாவைத் தென்காசிக் கடையில் பார்த்து யாராவது சந்தேகப்பட்டால், படத்தைப் பார்த்துத்தான் படுதாவை எழுதினேன் என்பார். அதை நாலைந்து தடவை சொன்னதில் அவரே நம்பத் தொடங்கியிருந்தார்.

பாளையங்கோட்டையிலிருந்து வருஷந்தோறும் குற்றாலத்துக்கு வருகிறவர் பால்வண்ணநாதன் பிள்ளை. ரிட்டையர் ஆன தாசில்தார். அவருக்கு மதுரையில் ஒரு சம்பந்தி. அந்தச் சம்பந்தி கொடைக்கானலில் ஒரு பாறைமேல் கைத்தடியோடு நின்று எடுத்துக்கொண்ட படத்தைக் கூடத்தில் மாட்டியிருந்தார். மேகம் அவர் இடுப்புக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பிள்ளை அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் இலையில் கை வைக்க வேண்டியிருந்தது.

அவர் மந்திரமூர்த்தியின் கடைக்கு வந்து, படத்தைக் கையில் எடுத்து, தன்னை அந்த இடத்திலேயே நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்றார்.

மந்திரமூர்த்தி பாதை வழுக்கும் என்றார். யானை நடமாட்டம் சொன்னார். அட்டையைப் பற்றி உள்ளம் உருகிச் சொன்னார். ஒவ்வொன்றைக் கேட்கக் கேட்கப் பிள்ளைக்கு ஆசை கூடியது. கொடைக்கானலில் சம்பந்தி காரில் போய் இறங்கியவர்.

"நேரில் சென்றுன்னு பலகை சொல்லுதே ஓய். போன வழி உமக்குத் தெரியாமலா போயிரும்?"

ஈரத்துண்டோடு நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் தன் மகளின் படத்தைச் செங்கோட்டைக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறவர். மலைப் படம் பொய் என்று ஆனால், முகம் மட்டும் எப்படி மெய்யாகும்? மந்திரமூர்த்திக்கு அட்டையைவிட அந்தப் பார்வை அதிகமாகக் கடித்தது. வெள்ளிக்கிழமை போகலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சங்கரம்மாள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"மேலேன்னு சொன்னியள்லா. இப்பம் மேலே போங்க," என்றாள்.

சொன்னாளே தவிர, வேப்பெண்ணெயும் உப்பும் அவள்தான் எடுத்து வைத்தாள். மந்திரமூர்த்தி அதற்கு மேல் தன் யோசனையாகப் புகையிலைத் தண்ணீரில் நனைத்த துணியை முழங்கால்வரை சுற்றிக்கொண்டார். மூக்குப்பொடியையும் தூவிக்கொண்டார். அவர் தூரத்தில் வரும்போதே எதிரே நின்றவர்களுக்குத் தும்மல் வந்தது.

வழிகாட்டவும் காமிராப் பெட்டியைச் சுமக்கவும் வடகரையிலிருந்து கடற்கரை என்று ஓர் ஆள் வந்தான். ஏலத்தோட்டங்களுக்குச் சாமான் தூக்கிப் பழகியவன். பெயர் கடற்கரையே தவிர, கடலைக் கண்ணால் கண்டதில்லை. மேக்கரை வரை வண்டி. அதற்கு மேல் நடை. முன்னால் பிள்ளை கோட்டும் தலைப்பாகையும் கைத்தடியுமாக நடந்தார். பின்னால் மந்திரமூர்த்தி ஒவ்வொரு புல்லாகப் பார்த்துக் கால் வைத்தார்.

முதல் ஓடையைக் கடந்ததும் கடற்கரை அவர் பக்கம் ஒதுங்கி வந்து, அண்ணாச்சி போன தடவை யாரோடு வந்தீர்கள் என்று கேட்டான். அவர் குனிந்து கால் துணியைத் தட்டிக்கொண்டார். படத்தைக் காட்டும்படி கேட்டான். அவர் காட்டினார்.

"இது எந்த இடம் அண்ணாச்சி?"

"நீதாம்லே சொல்லணும்," என்றார் மந்திரமூர்த்தி.

கடற்கரை படத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பெட்டியைத் தலையில் சரிபண்ணிக்கொண்டு முன்னால் போனான். அவன் முதுகு குலுங்கிக்கொண்டே போவதைப் பின்னாலிருந்து பார்க்க முடிந்தது.

முதல் ஊர் பாறையடி. பத்துப் பன்னிரண்டு குடிசைகள், ஒரு சாமிக்கல். படத்தை வாங்கிப் பார்த்ததுமே ஊர்ப் பெரியவர், இது எங்கள் ஊற்றுதானே என்றார். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். மந்திரமூர்த்தி அவரைக் கட்டிக்கொள்ளாத குறை. ஆனால் போய்ப் பார்த்தால் அது ஆளுயரத்துக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. சாய்ந்த மரம் எங்கே என்று பிள்ளை தாசில்தார் குரலில் கேட்டார். போன காற்றில் விழுந்துவிட்டது என்றான் கடற்கரை. விழுந்த மரம் எங்கே என்றார் பிள்ளை. கடற்கரை அடுத்த ஊருக்கு வழி காட்டினான்.

அடுத்த ஊர் மேலக்குடி. அங்கேயும் படத்தைப் பார்த்தார்கள். இது எங்கள் அருவி என்றார்கள். பாறையடிக்காரன் இதைத் தன்னுடையது என்றானா என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். இரண்டு ஊருக்கும் ஏதோ பழைய தேனடை வழக்கு இருந்திருக்கிறது. அது அன்றைக்குப் படத்தின் பேரில் மறுபடி கிளம்பியது. மந்திரமூர்த்திக்கு ஆச்சரியமாக இருந்தது. தண்ணீர் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்கள், எந்தத் தண்ணீரைக் காட்டினாலும் தங்களுடையது என்றுதான் சொல்வார்கள் போலிருக்கிறது.

இரண்டு ஊரிலும் தேனும் சுட்ட கிழங்கும் கொடுத்தார்கள். பதிலுக்கு எங்களைப் படம் எடு என்றார்கள். டவுனில் தூண் போட்ட படுதா முன்னால் நிறுத்தி எடுப்பாராமே, அதைக் கொண்டுவரவில்லையா என்று பாறையடிப் பெரியவர் வருத்தப்பட்டார். பின்னால் மலை முழுசாக நின்றுகொண்டிருந்தது. அதை அவர் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. எடுத்து எடுத்து, கடைசியில் ஒரே ஒரு தகடு மிஞ்சியது.

மூன்றாவது ஊரில் மாடத்தி என்ற பெண்பிள்ளை விறகு பிளந்துகொண்டிருந்தாள். அவள் காலடியில் செம்பட்டை நிறத்தில் ஒரு நாய். மாடத்தி படத்தை வாங்கி, நேராகவும் தலைகீழாகவும் பார்த்தாள்.

"எங்க அருவி மாதிரிதான் இருக்கு. ஆனா நாயக் காணமே," என்றாள்.

எந்த நாய் என்று பிள்ளை கேட்டார். அவள் காலடியைக் காட்டினாள். அந்த வழியாக யார் அருவிக்குப் போனாலும் இது முன்னால் போகும். அது இல்லாமல் யாரும் அங்கே போய்வந்தது இல்லை என்றாள். பிள்ளை திரும்பி மந்திரமூர்த்தியைப் பார்த்தார்.

"அன்னைக்கு அதுக்கு உடம்புக்கு முடியலை போல," என்றார் மந்திரமூர்த்தி.

மாடத்தி மறுபடி விறகைப் பிளக்கத் தொடங்கினாள். நாய் எழுந்து முன்னால் போயிற்று.

அருவி தெரிவதற்கு முன்பே அதன் சத்தம் நெஞ்சுக்குள் வந்துவிட்டது. வளைவு திரும்பியதும் மந்திரமூர்த்தி நின்றார். ஒரே அருவி. இரட்டை இல்லை. சாய்ந்த மரமும் இல்லை. உச்சி எங்கே என்று தெரியாமல் மேகத்திலிருந்தே தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நாடகக் கம்பெனியில் அவர் எழுதிய மலைகளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதன் தோளுக்கு வராது. இவ்வளவு காலம் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தோமே என்று முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது. அப்போதுதான், பக்கத்தில் பிள்ளை படத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு அருவியோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பதைக் கவனித்தார்.

பிள்ளை படத்தைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார். ரத வீதி வீடு, கண்ணாடிக் கூரை, செங்கோட்டைக்குப் போன பெண்ணின் படம் எல்லாம் மந்திரமூர்த்தியின் கண்ணுக்குள் வந்து போயின. பிள்ளையின் தலைப்பாகையிலிருந்து தண்ணீர் சொட்டியது. காலுறைக்கு மேல் நாலு இடத்தில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. புகையிலைத் துணி கட்டியவரைத் தொடாத அட்டைகள் எல்லாம் கவர்மெண்டு உத்தியோகத்துக்கு மரியாதை செய்திருந்தன.

"தண்ணி கூடியிருக்கு ஓய்," என்றார் பிள்ளை கடைசியில். "ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்திட்டுது."

அவ்வளவு தூரம் ஏறியபின் அது வேறு இடமாக இருக்க அவர் சம்மதிக்கவில்லை. மரத்தைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை.

பிள்ளையைப் பாறைமேல் நிறுத்தி, முக்காலியைக் கல்லுக்குக் கல் முட்டுக்கொடுத்து, மந்திரமூர்த்தி கடைசித் தகட்டைச் சொருகினார். சாரல் வெளிச்சம் குறைவு. லென்ஸின் மூடியைக் கழற்றினால் மெதுவாக எண்ணி எண்ணித்தான் திரும்ப மூட வேண்டும். மூச்சை அடக்குங்கள், இமையைக்கூட ஆட்டாதீர்கள் என்று கத்தினார். பிள்ளை கல்லாகிவிட்டார். மூடியைக் கழற்றியதும் நாய் பாறைமேல் ஏறிப் பிள்ளையின் பக்கத்தில் நின்றது. அருவியைப் பார்த்தது. திரும்பிக் காமிராவைப் பார்த்தது. உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு இறங்கிப் போயிற்று. மந்திரமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு, லென்ஸை மூடினார்.

வீட்டில் தகட்டைக் கழுவிப் பார்த்தால் அவர் பயந்தபடியே இருந்தது. பிள்ளை தெளிவாக நின்றார். பக்கத்தில், மூடி திறந்திருந்த நேரத்தில் நாய் இரண்டு பக்கம் திரும்பி உதறியதால், இரண்டு தலையும் கால் இல்லாத புகைமாதிரி உடம்புமாக ஒரு ஜந்து நின்றது. சாரலில் தகடு காயவே மூன்று நாளாயிற்று. காய்ந்ததும் அந்த நாயைச் சுரண்டிப் பாறையாக்கிவிடச் சொல்லிச் சங்கரம்மாளிடம் கொடுத்தார்.

அவள் முதலில் ஒரு படம் அச்சுப்போட்டுப் பார்த்தாள். மூடியை நெடுநேரம் திறந்து வைத்ததால் விழுகிற தண்ணீர் பஞ்சுபோல வழுவழுவென்று இருந்தது. பின்னால் மலை, பனிமூட்டத்தில் தட்டையாகத் தெரிந்தது. முன்னால் பிள்ளை விறைத்துக்கொண்டு நின்றார். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"நாய எடுத்தா இது உங்க படுதாதான். நாய் இருந்தாத்தான் மலை," என்றாள்.

அவர் கோபித்தார். கௌரவப்பட்ட மனிதர் பக்கத்தில் இரண்டு தலைப் பிராணியா என்றார். "ஏட்டி, சொன்னாக் கேளு" என்று கெஞ்சினார். அவள் மூக்கைத் தொடாதது போலவே நாயையும் தொடவில்லை. பிள்ளை வந்தபோது படத்தை அவளே உறையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். பிள்ளைக்கு முகம் சுண்டிப்போயிற்று. வேறு படம் இல்லாததால் வாங்கிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து, மதுரைச் சம்பந்தியும் பிள்ளையும் சேர்ந்து ரத வீதிக் கடைக்குள் நுழைந்தார்கள். செங்கோட்டைக்குப் படம் அனுப்பியவர் அப்போதுதான் தன் இரண்டாவது மகளைக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார். சம்பந்தி சிரித்துக்கொண்டே வந்தார்.

"நான் மதுரையில பார்க்காத படுதாவா? தண்ணி பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கு. மச்சான் மலையேறினதா ஊரெல்லாம் சொல்லுதாரு. இங்கனதான நின்னு எடுத்தாரு?"

மந்திரமூர்த்தி வாழ்க்கையில் முதல் தடவையாக நிஜ மலையை எடுத்திருந்தார். அதையும் நம்ப ஆள் இல்லை. எதிரே இரட்டை அருவிப் படுதா வேறு சாட்சிக்கு நிற்பதுபோலத் தொங்கியது. ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்ற தகப்பனார் மகளை எழுந்திருக்கச் சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

உள்ளேயிருந்து சங்கரம்மாள் வந்தாள். சம்பந்தியின் கையிலிருந்த படத்தில் விரலை வைத்தாள்.

"இந்த நாய எந்தப் பெயிண்டராவது இப்படி எழுதுவானா அண்ணாச்சி? எழுதினா அவனுக்குக் கூலி யாரு குடுப்பா?"

சம்பந்தி படத்தைச் சன்னல் பக்கம் கொண்டுபோனார். இரண்டு தலையையும் பார்த்தார். காலைத் தேடினார். சிரிப்பு மெல்ல அடங்கியது. படுதா முன்னால் எடுக்கிறவன் நாயை உள்ளேயே விடமாட்டான், விட்டாலும் இன்னொரு தகடு எடுத்திருப்பான் என்பது அவருக்கும் புரிந்தது.

அந்த நிமிஷத்திலிருந்து பிள்ளைக்கு அந்த நாய்மேல் பிரியம் வந்துவிட்டது. அது தன்னோடு அடிவாரத்திலிருந்தே வந்தது என்றார். தான் பாறையில் ஏறும்போது பாதை காட்டியது என்றார். வேட்டியைத் தூக்கி அட்டை கடித்த தழும்புகளை வேறு காட்டினார். கொடைக்கானலில் நாய் உண்டா என்று சம்பந்தியைக் கேட்டார். ஸ்டூலில் இருந்த பெண் அசையாமல் உட்கார்ந்தாள். அவளுடைய தகப்பனார், நல்ல வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள் என்றார்.

கடைத்தெருவில் இரட்டை அருவிப் படத்தை மந்திரமூர்த்தி அன்றைக்கே கழற்றிவிட்டார். அந்த இடத்தில் நாய்ப்படம் ஏறியது. பலகையை மட்டும் அப்படியே விட்டார். இப்போது அதில் திருத்த ஒன்றும் இல்லை.

அதன்பின் உலகச் சண்டை வந்து தகடு கிடைக்காமல் போகிறவரை அவர் ஒவ்வொரு சாரலுக்கும் மலையேறினார். கேட்பவர்கள் எல்லாரும் நாய் வைத்த படம்தான் கேட்டார்கள். புகையிலைத் துணி இரண்டு சுற்று மூன்று சுற்றானதே தவிர, பயணம் நிற்கவில்லை. அந்த அருவியை மறுபடி பார்க்கத்தான் போகிறார் என்று கடற்கரை சொல்வான். தொழில் அப்படி என்று அவர் சொல்வார்.

இரண்டாவது தடவை போனபோதே ஒரு சங்கடம் வந்தது. நாய் முன்னால் ஓடிப் பிள்ளை நின்ற பாறையில் ஏறி உட்கார்ந்தது. அவர் துணிக்குள்ளிருந்து பார்த்தார். நாய் நெஞ்சை நிமிர்த்தி, லென்ஸையே பார்த்துக்கொண்டு, காதைக்கூட ஆட்டாமல் ஜமீன்தார் மாதிரி இருந்தது. மூடியைக் கழற்றி எண்ணத் தொடங்கினார். அது அசையவில்லை. எண்ணிக்கொண்டே, கொஞ்சம் தலையை ஆட்டேன் என்று நாயைக் கெஞ்சினார். இத்தனை வருஷத் தொழிலில் அவர் யாரையும் ஆடச் சொன்னதில்லை.

இந்தத் தடவை கூட வந்து பக்கத்தில் நின்ற மாடத்தி அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அசையாத, மூச்சு விடாதன்னு அன்னைக்கு நீங்கதான கத்துனிய, எங்க குடிசை வரைக்கும் கேட்டுச்சு. அதுவும் கேட்டுட்டுத்தான இருந்துச்சு," என்றாள்.

நாய் அசையாமல் நின்ற அந்தப் படத்தைக் கடையில் மாட்டிய அன்றே, குளித்துவிட்டு வந்த ஒரு கனவான் அதன் முன்னால் நின்று வெகுநேரம் ரசித்தார். போகும்போது மந்திரமூர்த்தியின் தோளைத் தட்டி, "அருவி சுமார்தான். நாயை நல்லா எழுதியிருக்கீரு," என்றார்.